ரோட்டு முனி நகர மறுத்த கதை

மேற்கணக்கு லயம்,
ஹேவாஹெட்ட.
ஆவணி 10

அன்பு மகள் சந்திரிகாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் நீ விட்டுப் போன வெள்ளாடும் சுகம், கோழிகளில் ஒன்று மட்டும் கீரிக்குப் போய்விட்டது. அங்கே ஜோர்தானில் நீயும் உன்னோடு ஒரே அறையில் இருக்கிற பிள்ளைகளும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், மிச்சத்தைச் சிக்னல் தின்றுவிடுகிறது. ஆட்டோ ஓட்டுகிற மக்கீன் நானாவின் மகள் றிஸானா லீவு முடிந்து உன் கம்பனிக்கே திரும்புகிறாள், அவள் கையில் இதையும் ஒரு போத்தல் கருவாட்டுச் சம்பலையும் கொடுத்துவிடுகிறேன். சம்பலை எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டு நீ வெறும் சோறு தின்னாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

ரோட்டு வேலை நடக்கிறது என்று மட்டும் போனில் சொன்னேன், நடுவில் நடந்த கூத்தைச் சொல்லவில்லை. நீ போன பிறகு இங்கே பிரதேச சபையால் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. முன்பெல்லாம் தோட்டத்து லய வீடுகளில் சபை கை வைக்கக் கூடாது, அது கம்பனி பாடு என்று சட்டம் இருந்ததல்லவா, அது மாறிவிட்டது. இப்போது புதன்கிழமை குப்பை டிரக்டர் முச்சந்தி வரை வருகிறது, முச்சந்தியில் ஒரு லைட்டும் போட்டிருக்கிறார்கள். லைட் வந்ததிலிருந்து கள்ளுத் தவறணைக்குப் போய் வருகிறவர்களின் முகம் தெரிகிறது என்று சிலருக்கு மனவருத்தம். நம் கீழ் லயத்து ராஜலிங்கம் இப்போது சபை மெம்பர், வெள்ளைச் சட்டையில் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. ஓட்டுக் கேட்டு வந்தபோது அவனை வாசல் இஸ்தோப்பில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்து நான் கேட்டது ஒன்றுதான், முச்சந்தியிலிருந்து எங்கள் லயத்து வாசல் வரை ஆட்டோ ஏறி வருகிற மாதிரி ஒரு கொங்கிரீட் ரோடு. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போய்த் தண்ணீர்க் கானில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்த நாளிலிருந்து உன் அப்பா கீழே போவதென்றால் கதிரையில் கம்பு கட்டி நாலு பேர் தூக்க வேண்டும், அது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது, போன தீபாவளிக்குப் பிறகு அவர் கிளினிக்குக்கே போகவில்லை. "பொணத்தத்தான் நாலு பேரு தூக்குவாங்க, என்னைய இப்பவே பழக்காதீங்க" என்று ஒரே பிடிவாதம். நான்தான் கிளினிக் துண்டுச் சீட்டைக் கொண்டுபோய் மருந்து வாங்கி வந்தேன். ஆளைப் பார்க்காமல் டொக்டர் எத்தனை மாதம் கொடுப்பார், கடைசியில் இனி ஆளைக் கூட்டி வராமல் மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே ரோடு நாங்கள் பவுசுக்குக் கேட்டது இல்லை.

ராஜலிங்கம் சபையில் சண்டை போட்டு அனுமதி வாங்கிவிட்டான். சபையிலிருந்து ரோடு அளக்கிற அதிகாரி மாத்தயா வந்து, ரோடு திரும்புகிற மேட்டில் அடையாளத்துக்கு ஒரு கல்லை நட்டு, அதன் தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். பெண்கள் எல்லோரும் அந்த நேரம் எதிர்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தோம், பார்த்தது இஸ்தோப்பில் இருந்த உன் அப்பா மட்டும். சாயங்காலம் லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டுச் சுப்பம்மா திரும்பி வருகிறாள், காலையில் ஒன்றும் இல்லாத இடத்தில், முருங்கை மரத்தடியில், நெற்றியில் சிவப்போடு ஒரு கல் நிற்கிறது. கூடையை இறக்கிவைத்து விழுந்து கும்பிட்டாள். காணாமல் போயிருந்த அவளுடைய சினை ஆடு அன்றைக்குப் பார்த்துத்தானா வீடு வந்து சேர வேண்டும்? பிறகு கேட்கவா வேண்டும். மறுநாள் மஞ்சள், அதற்கு மறுநாள் எலுமிச்சை மாலை, வெள்ளிக்கிழமை சூலம். அது சபைக்காரன் நட்ட கல், என் கண்ணால் பார்த்தேன் என்று உன் அப்பா தொண்டை கிழியக் கத்தினார். சுப்பம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சபை நட்டுச்சு, சரி. சபைக்கு அந்த எடத்தக் காட்டுனது யாரு?" என்று கேட்டாள். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் சுற்றுகிற சக்கரத்துக்கு ரோதை முனி, கவ்வாத்துக்குக் கவ்வாத்துச் சாமி என்று கும்பிடுகிற சனம் நாம், ரோட்டுக்கு ஒரு முனி வந்தால் விடுவோமா, ரோட்டு முனி என்று பெயரும் வைத்தாயிற்று. அவர்களை மட்டும் சொல்லவில்லை, நானும் ஒரு சூடம் கொளுத்தினேன், ரோடு சீக்கிரம் வர வேண்டும் என்றுதான் கொளுத்தினேன்.

அடுத்த கிழமை சபை ஆட்கள் சீமெந்தும் மணலும் மிக்சரும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கல்லையும் சூலத்தையும் பார்த்ததும் தலைமை பாஸ் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார், கும்பிட்டுவிட்டு மிக்சரைத் திரும்ப ஏற்றச் சொன்னார். நான் ஓடிப்போய்க் கேட்டேன். "அப்பிட்ட பே, அம்மே" என்றார் சிங்களத்தில், எங்களால் முடியாது, சாமி இருக்கிற இடத்தில் அலவாங்கு போட்டுத் தோண்டினால் எங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்றார். ராஜலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு சபைக்கு ஓடினான். தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் கும்பிடுகிற இடத்தைச் சபை தொட்டது என்ற பெயர் தனக்கு வேண்டாம், லயத்து ஆட்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சம்மதித்தால் கல்லை நகர்த்தலாம், இல்லாவிட்டால் மாத முடிவில் அந்த வேலையைக் கீழ்க்கணக்கு லயங்களுக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலம் உன் அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். கீழ்க்கணக்கில் வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கிறது, அவர்களுக்கு ரோடு போய்ச் சேர்ந்தால் எனக்கு எப்படி இருக்கும் சொல்.

வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் கூட்டம் போட்டோம். நகர்த்தலாம் என்று பாதிப் பேர், பாவம் யார் தலையில் விழும் என்று மீதிப் பேர். சாமியிடமே கேட்டுவிடலாம், பூக் கட்டிப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்புப் பூ ஒரு இலையில், மடித்துக் கட்டிக் கல்லுக்கு முன்னால் வைத்தோம். வெள்ளை வந்தால் முனி நகரச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. சபையிலிருந்து வந்த அளக்கிற மாத்தயாவும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ராஜலிங்கத்தின் சின்ன மகள் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு. திரும்பிப் பார்த்தேன், இஸ்தோப்பில் உன் அப்பா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். சாமி என்றும் பார்க்கவில்லை, கல்லுக்கு முன்னால் போய் நின்று, "நீ நகர வேணாம், ஒன்னைய யாரு நகரச் சொன்னா? எங்க வீட்டு மனுசன் நகர வழி விடு, அது போதும்" என்று கத்திவிட்டேன். கத்தியதும் அழுகை வந்துவிட்டது, இத்தனை பேர் முன்னால் நான் அழுததில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், அந்த மேட்டில் ஒரு பக்கம் முனி, மறு பக்கம் என் போஞ்சித் தோட்டம். பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. முனி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், ரோட்டை இந்தப் பக்கம் வளைத்துக் கொண்டுபோங்கள் என்று மாத்தயாவிடம் சொன்னேன். அவர் நாடாவைப் பிடித்து அளந்து பார்த்து, கொஞ்சம் வளைவு கூடும், ஆட்டோ திரும்பும் என்றார், தேயிலைத் தோட்டத்துத் தொரையும் சரி என்றுவிட்டார். இதற்கும் ஒரு பூக் கேட்போமா என்றாள் சுப்பம்மா. முனிக்கு முனியிடம் கேட்டோம், போஞ்சிக்கு நான்தான் சாமி, நான் கொடுத்துவிட்டேன் என்றேன். மறுநாள் நானே கொடிகளைப் பிடுங்கினேன், பிஞ்சுகளை மட்டும் மடியில் பொறுக்கிக்கொண்டேன். மாத்தயா புதிதாக ஒரு அடையாளக் கல் நட்டார், சிவப்புப் பூச வேண்டாம் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டதில் நீலம் பூசினார். சுப்பம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பெருமாள் நிறமாச்சே என்று இழுத்தாள். வேலை முடியும்வரை உன் அப்பா கதிரையை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போட்டு, கையில் குங்குமத்தோடு யாரும் வராமல் ஊன்றுகோலோடு காவல் இருந்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மணல் சுமக்க ஆள் போதவில்லை என்றதும் முதலில் சும்மாட்டோடு வந்து நின்றவள் சுப்பம்மாதான், அவள் சுமந்த அளவு வேறு யாரும் சுமக்கவில்லை.

போன திங்கட்கிழமை மக்கீன் நானாவின் ஆட்டோ நம் வாசலுக்கே வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ரோட்டு முனிக்கு ஒரு சிதறு தேங்காய், லயமே வெளியில் நின்றது. உன் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வெயில் சாயட்டும், நாளைக்குப் போகலாம் என்று பாசாங்கு பண்ணினார். "கறுப்பையா அண்ணே, ஏறுங்க, நான் மொள்ளமா ஓட்டுறேன், ஒங்கள யாரும் தூக்கத் தேவல்ல" என்றார் மக்கீன் நானா. யார் கையையும் பிடிக்காமல் தானாகவே ஏறி உட்கார்ந்தார், சந்திரிகா. டொக்டர் நன்றாகத் திட்டினார், பிறகு மருந்தும் கொடுத்தார், பிரஷர்தான் கொஞ்சம் கூட, உப்பைக் குறைக்கச் சொன்னார், பயப்பட ஒன்றும் இல்லை. பிறகு சலூனுக்குப் போய் முடி வெட்டி, மீசையைக் கறுப்பாக்கிக்கொண்டு வந்து நிற்கிறார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது அவர் ஆட்டோவில் சொன்னதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அப்பாவுக்கு இன்னும் என் மேல் கோபமா என்று நீ போனில் இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டாய். நீ புறப்பட்ட அன்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், வெளிநாடு போவது பிடிக்காமல்தான் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். அது இல்லையாம். "பஸ்ஸேத்திவிட நாலு பேரு தூக்கிட்டு வாற அப்பனப் பார்த்துட்டு அந்தப் புள்ள எப்புடிப் பிளேன் ஏறுவா, மூக்காயி? அதான் நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டேன்" என்றார். அதைச் சொல்லிவிட்டு மக்கீன் நானாவிடம், கண்டி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஆட்டோ போகுமா என்று கேட்டார். போகும் என்றார் அவர்.

வேளைக்குச் சாப்பிடு, ஏசிக் காற்றில் தலை ஈரத்தோடு படுக்காதே, ஓவர்டைம் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நோய் நொடி இல்லாமல் நிறைந்த சந்தோசத்தோடு வீடு வந்து சேர முருகனும் மாரியம்மாவும், இப்போது புதிதாக வந்த முனியும் துணை இருப்பார்கள். ஒன்றை மறக்காதே, லீவுத் தேதி தெரிந்ததும் முதலில் அப்பாவுக்குச் சொல், எனக்குப் பிறகு சொன்னால் போதும். கண்டியில் நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர்தான் வந்து நிற்பார். உனக்கும் உன் பெட்டிக்கும்தான் ஆட்டோவில் இடமாம், என்னை வீட்டில் இருந்து சமைக்கச் சொல்லிவிட்டார்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா மூக்காயி