வேலெடுத்தான் பேட்டை எந்த நாட்டது?

திருவும் திறலும் குன்றாத சந்திரமாட நகரில், கோமகன் விண்ணவராய தேவரின் திருவடி நிழலில் அமர்ந்து, இரவும் பகலும் ஓய்வின்றி ஆணைகள் பிறப்பித்து நாடு காக்கும் பேரமைச்சர் குணவீரப் பிரமராயர் அவர்களின் திருமுன்புக்கு, வடகீழ் எல்லையில் வேலெடுத்தான் பேட்டைக் கோட்டையைக் காக்கும் தண்டநாயகன் அரிகண்ட வேளான், நெற்றி நிலந்தோய வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மனையில் விளக்கும், களஞ்சியத்தில் நெல்லும், லாயத்தில் குதிரைக் கனைப்பும் குறைவின்றி இருப்பதாக. இங்கே மூன்றுமே குறைவுதான். ஆயினும் அதைச் சொல்லி அழுவதற்காக இந்த ஓலையை எழுதவில்லை. அழுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் வந்து சேர்ந்திருக்கிறது.

கோமகனின் கண்காணி நாயகம் உதயதிவாகரர், இவ்வூர்க் கீழைவாசலில் அடிபட்டது மெய். அடித்தவர்கள் என் காவற்படையினர் என்பது மெய். அவர்களுக்கு ஆணையிட்டவன் நானே என்பதும், என் போதாத காலம், மெய்யே. கண்காணியார் தலையில் கட்டோடு தங்களிடம் வந்துகொண்டிருக்கிறார். அவர் வாயால் கேட்பதற்கு முன்னே நடந்ததை என் எழுத்தால் தாங்கள் அறிய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் ஆணையிலிருந்து தொடங்குகிறேன். எல்லைக் கோட்டைகள் யாவும் இனித் தத்தம் நாட்டுக் கொடியையே ஏற்ற வேண்டும், தத்தம் நாட்டுத் தூய சொல்லாலேயே படைக்கு ஆணையிட வேண்டும், அவ்வாறு செய்தால் வீரர்கள் சொந்த மண்ணின் பெருமிதத்தோடு போரிடுவார்கள் என்று எழுதி, வேலெடுத்தான் பேட்டை எந்த நாட்டது என்று விரைந்து தெரிவிக்குமாறும் பணித்திருந்தீர்கள். அமைச்சர் பெருமானே, பழுக்கக் காய்ச்சிய இரும்பை என் உள்ளங்கையில் வைத்திருந்தாலும் இவ்வளவு துடித்திருக்க மாட்டேன்.

எல்லைப்போர் மூண்ட காலத்தில் ஆற்றுநாடு, குன்றநாடு, கரைநாடு, செம்புலநாடு ஆகிய நான்கும் ஆளுக்கொரு படையை இங்கே அனுப்பின. போர் முடிந்ததும் அவரவர் திரும்பிப் போகலாம் என்பது ஏற்பாடு. போர் முடிந்துவிட்டது என்று தலைநகரிலிருந்து எவரும் ஓலை விடுக்கவில்லை. ஆகவே எவரும் திரும்பவில்லை. வந்தவர்கள் மாண்டுபோய், அவர்கள் பிள்ளைகளும் கிழடு தட்டிப்போய், இப்போது பேரன்மார் வேல் பிடித்து நிற்கிறார்கள்.

இந்தப் பேரன்மாரில் ஒருவன்கூடத் தன் நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் எங்கள் ஊர் போல வருமா என்பதுதான் பேச்சு. ஆற்றுநாட்டுத் தெருவில் பிறந்தவன் ஆற்றின் பெருமையை அரை நாள் அளப்பான். கோட்டை அகழியில் தவறி விழுந்தால் கரைநாட்டான் வந்து தூக்க வேண்டும். அந்தக் கரைநாட்டானோ தோணியில் ஏற்றினால் குடலே வெளிவரும்படி வாந்தியெடுப்பான். குன்றநாட்டுப் புலிகள் கொத்தளத்தில் ஏறினால் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுகின்றன. புளிக்குழம்பில் வெல்லம் போடலாமா கூடாதா என்பதில் சென்ற திருவிழாவில் மண்டை உடைந்தது, மருத்துவர் இன்றுவரை என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். இத்தனைக்கும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இவர்களுக்குள்ளேதான். தாய் ஒரு நாடு, தந்தை ஒரு நாடு, மாமியார் வேறொரு நாடு. வீட்டுக்குள் யார் எந்த நாட்டான் என்று பிரிக்கத் தொடங்கினால் அடுப்பையே நான்காக வெட்ட வேண்டியிருக்கும்.

எனக்கு முன்பிருந்த தண்டநாயகர் படைக்கு ஆணையிடச் சொல்லே பயன்படுத்தியதில்லை. டேய் என்பார், வாசல் அடைபடும். டேஏஏய் என்று நீட்டுவார், வாசல் திறக்கும். நான் தலைநகரத்தவன், இலக்கணம் கற்றவன், தமிழ்ச் சங்கப் பந்தலின் ஓரத்தில் நின்றாவது பேச்சுக் கேட்டு வளர்ந்தவன். இந்தக் கூத்தைக் கண்டு வெட்கிப்போனேன். ஆகவே தங்கள் ஆணை வந்தபோது மற்றக் கவலைகளுக்கு நடுவிலும் இந்த ஒன்றுக்காக உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை.

நான்கு தெருத் தலைவர்களையும் அழைத்து, கோட்டைக்கதவுக்குத் தூய சொல் எது என்று கேட்டேன். ஆற்றுநாட்டார் கதவைச் சாத்துவார்களாம். குன்றநாட்டார் அடைப்பார்களாம். கரைநாட்டார் மூடுவார்களாம். செம்புலநாட்டார் பூட்டுவார்களாம். இதில் என்ன தகராறு, எல்லாம் ஒன்றுதானே என்றேன். நால்வரும் என்னைப் பார்த்த பார்வையை எதிரிப்படை பார்த்திருந்தால் அன்றே புறமுதுகிட்டிருக்கும். வேறு வழியின்றி, நாளுக்கொரு நாட்டுச் சொல் என்று முறைவைத்தேன்.

அன்று தொடங்கியது சனி. நேற்றுவரை நான்கு சொல்லும் புரிந்தவர்களுக்குத் தங்கள் ஆணை வந்த மறுநாளே மற்ற மூன்றும் புரியாமல் போயிற்று. அடை என்று கூவினால் செம்புலநாட்டான் தோசைக்கல்லைத் தேடுகிறான். பூட்டு என்றால் ஆற்றுநாட்டான் எருதுகளை ஓட்டிக்கொண்டு வருகிறான். மூடு என்றால், யாரைப் பார்த்து வாயை மூடச் சொன்னாய் என்று குன்றநாட்டான் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். சாத்து என்னும் சொல்லுக்குச் செம்புலநாட்டில் உதை என்று பொருள் இருப்பதை நான் அறியவில்லை. என்னிடம் எவரும் சொல்லவுமில்லை.

கண்காணியார் வந்த அன்று ஆற்றுநாட்டுச் சொல்லின் முறை. அரச அதிகாரி வரும்போது முரசு கொட்டி, அவர் முகத்துக்கு நேரே கதவை அடைத்து, அதன்பின் அகலத் திறந்து வரவேற்பது இவ்வூர் மரியாதை. வாசற்காவலுக்குத் தலைவன் முனையன். அவன் தந்தைவழி ஆற்றுநாடு, தாய்வழி செம்புலநாடு, வளர்ந்தது கரைநாட்டுத் தெரு, பெண் எடுத்தது குன்றநாட்டார் வீட்டில். கண்காணியார் பல்லக்கிலிருந்து இறங்கி, குடைநிழலில் வாசலின் நட்டநடுவில் புன்னகையோடு நின்றார். நான் மேல்மாடத்திலிருந்து கையை நீட்டி, சாத்து என்று ஆணையிட்டேன்.

முனையன் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தான். "கதவையா, ஆளையா?" என்று அவன் கேட்டதாகப் பின்னால் அறிந்தேன். முரசொலியில் அது என் காதில் விழவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் எதிரில் இவன் இப்படி மரம்போல் நிற்கிறானே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், நன்றாகச் சாத்து, எல்லோரும் சேர்ந்து சாத்துங்கள், இன்னும் என்ன வேடிக்கை என்று கத்தினேன். பிறகு நடந்ததை எழுத என் எழுத்தாணி கூசுகிறது. என் படை எனக்குக் கீழ்ப்படிந்தது, அமைச்சரே. இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு ஒழுங்காகவும் ஒற்றுமையாகவும் அவர்கள் கீழ்ப்படிந்ததே இல்லை.

கண்காணியார் கண்விழித்ததும் கோமகனின் கணையாழியை உயர்த்தித் தீர்ப்புரைத்தார். அடித்தவர்கள் எந்த நாட்டாரோ அந்த நாட்டுக் குடும்பங்கள் அனைத்தும் ஆயுதங்களைக் கீழே வைத்து, மறுநாள் பொழுது சாய்வதற்குள் தங்கள் சொந்த ஊருக்குப் போய்விட வேண்டும். மறுப்பவர் தலை தரையில் உருளும் என்றார். ஐப்பசி மழை ஊற்றுகிறது. சொந்த ஊர் என்று அவர் சொன்ன இடங்களில் இவர்களுக்கு ஒரு குழி நிலமோ, தெரிந்த முகமோ இல்லை. குன்றநாட்டுத் தெருவில் வீடுகள் குறைவு, அவர்கள் பெயரைச் சொல்லிவிட்டால் மிச்ச ஊராவது பிழைக்கும் என்று என் மனம் கணக்குப் போட்டது. தெருவில் நடந்தபோது அவ்வீடுகளில் ஒன்றில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வாசலில் நின்று என்னை வணங்கினாள். எந்தத் தெருவின் பெயரையும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

முரசறைந்து ஊரையே திடலில் கூட்டி, நாடுவாரியாக நான்கு வரிசையில் நிற்கும்படி கண்காணியார் பணித்தார். முனையன் மட்டும் எந்த வரிசைக்கும் போகாமல் நடுத்திடலில் விழித்துக்கொண்டு நின்றான். நீ எந்த நாட்டான் என்று கண்காணியார் அதட்ட, "தெரியலீங்க சாமி, பேட்டைக்காரன். அடிச்சது நான்தான்" என்று அவன் விண்ணப்பித்தான்.

இவ்வளவோடு போயிருக்க வேண்டியதுதான். இந்த ஊரில் எதுதான் அதோடு போயிருக்கிறது! ஆற்றுநாட்டு வரிசையிலிருந்து ஒருவன் பாய்ந்து வந்து, "முதல் அடி எங்க அடி, இவன் எதுக்குப் பேரு வாங்கிக்கிறான்?" என்றான். செம்புலநாட்டார், தாங்கள் பின்னாலிருந்து ஓங்கி ஒன்று விட்டிராவிட்டால் அவர் குப்புற விழுந்தேயிருக்க மாட்டார் என்று சான்று காட்டினார்கள். கரைநாட்டார் குடையை முறித்ததற்கு உரிமை கோரினார்கள். அன்று காவலிலேயே இல்லாத குன்றநாட்டுக் கிழவர்களும், "நாங்க மட்டும் என்ன எளப்பமா?" என்று வந்து சேர்ந்தார்கள். அடித்துக்கொள்ளவே பிறந்த இந்த மூடர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஒரே வரிசையாகிவிட்டார்கள். அப்படியானால் ஊர் முழுவதும் போகட்டும் என்று கண்காணியார் சொன்னார். அப்போதும் ஒருவரும் தம் தெரு வரிசைக்குத் திரும்பிப் போகவில்லை.

தலைநகரத்தவனுக்குத் தண்டனை இல்லை, குடைக்கடியில் வந்து நில்லும் என்று, கயிறு சுற்றி நிமிர்த்திய குடையின் கீழிருந்து கண்காணியார் எனக்கு அருள்செய்தார். வீட்டுக்குப் போனேன். என் மனைவி நங்கையாள் இவ்வூரில் பிறந்தவள். அவள் முறத்தையும் பானையையும் மூட்டை கட்டி முடித்திருந்தாள். "நீங்க வர்றீங்களா, இல்ல குடைக்குள்ள நிக்கப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அம்மியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். மழையில் அது என்ன கனம் கனக்கிறது, பெருமானே!

ஊர் கீழைவாசல் வழியாக வெளியேறியதைக் கண்காணியார் நின்று பார்த்துவிட்டே பல்லக்கேறினார். எங்களுக்கோ எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியவில்லை. ஆற்றுநாடு தெற்கே என்றான் ஒருவன், மேற்கே என்று அவன் தமையனே மறுத்தான். பிள்ளைகள் நனைந்து அழுதன. முனையன் கோட்டைச்சுவரின் ஓரமாக, மழை குறைவாக விழும் பக்கமாக, நடக்கத் தொடங்கினான். வேறு யோசனை எவருக்கும் இல்லாததால் ஊர் அவன் பின்னே நடந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் திரும்பி, இருட்டுவதற்கு முன்னே மேலைவாசலை அடைந்தோம். அது திறந்தே கிடந்தது, ஏனென்றால் அதை அடைக்க ஊருக்குள் ஆள் இல்லை. எல்லோரும் உள்ளே போய் அவரவர் அடுப்பை மூட்டினார்கள்.

நான் பதறிப்போய், இது ராஜத்துரோகம், தலை போகும் குற்றம் என்று தெருவில் நின்று கத்தினேன். அதற்கு முனையன், ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்னார்கள், வைத்தாயிற்று, சொந்த ஊருக்குப் போகச் சொன்னார்கள், "வந்து சேந்துட்டோம்ல?" என்று என்னையே திருப்பிக் கேட்டான். இலக்கணம் கற்ற நான் அந்த ஆணையின் சொற்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அவனுக்கு மறுமொழி எனக்குக் கிடைக்கவில்லை. தங்களுக்குக் கிடைத்தால் தலையை வாங்கும் ஆட்களோடு சேர்த்து அனுப்பி வையுங்கள். வரிசை வைக்கும்போது என் தலையையும் மறவாமல் எண்ணிக்கொள்ள வேண்டும்.

தாங்கள் கேட்ட கேள்விக்கு விடை: வேலெடுத்தான் பேட்டை, வேலெடுத்தான் பேட்டை நாட்டது. மீன்கொடியும் புலிக்கொடியும் போல எங்களுக்குக் கொடி எதுவும் இல்லை. எதை வரைவது என்று இப்போதே நான்கு தெருவும் சண்டை தொடங்கிவிட்டது. இவ்வோலையைச் சுமந்து வரும் ஆளுக்குச் சோறும் உலர்ந்த ஆடையும் கொடுத்து, மழை விட்டபின் ஊருக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறேன். எந்த ஊருக்கு என்று அவனைக் கேட்க வேண்டாம்.

அரக்கு நனைந்து முத்திரை சரியாகப் பதியவில்லை, பொறுத்தருள்க. இவை என் கையெழுத்து. எல்லை காக்கும் பணியில், அம்மி சுமந்த தோள் வலியோடு, பேட்டைக்காரன் அரிகண்ட வேளான்.