குவாத்தமாலா தாளின் நாலு மூலை

அண்ணை,

உங்கள் குவாத்தமாலா தாள் திரும்பவும் என் மேசைக்கு வந்துவிட்டது. ஐம்பதுகளில் அச்சான ஒரு கெட்சால் பணத்தாள். பச்சை மை, நீண்ட வால் குருவி. நீங்கள் செத்த முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு உங்கள் மனைவி, என் அக்கா மாதிரி, அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு லிட்கம்மில் இருக்கிற என் பழம்பணக் கடைக்குக் கொண்டுவந்தார். விற்றுத்தர வேண்டுமாம். தேத்தண்ணி குடிக்கிறீர்களா அக்கா என்று கேட்கும் முன்பே என் கை புற ஊதா விளக்கைத் தேடியது. சந்தேகப்பட்டே பிழைத்தவன் நான்.

முன்பு ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை நாணயச் சந்தையில் நீங்கள் இதை விற்க நீட்டியபோதும் அதே விளக்கைத்தான் பிடித்தேன். பழைய பணத்தாள் அந்த வெளிச்சத்தில் இருண்டு கிடக்க வேண்டும். சவர்க்காரத் தூளில் கழுவி, அயர்ன் பண்ணி, புதிது என்று விற்கிற தாள்தான் ஒளிரும். உங்களுடையது மூலைகளில் ஒளிர்ந்தது.

“என்ன அண்ணை, கழுவிப்போட்டு எனக்கே விக்கப் பாக்கிறீங்களோ?”

“நான் கழுவேல்லையடா.”

“அப்ப இது என்ன?”

பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த அக்காவை ஒருதரம் திரும்பிப் பார்த்தீர்கள். “நீ உன்ர லைற்றையே கேள்” என்றீர்கள். அவ்வளவுதான்.

பதில் சொல்லாதவனிடம் ஏதோ கள்ளம் இருக்கிறது என்று நினைப்பவன் நான். நீங்கள் தாள் கழுவி விற்கிறீர்கள் என்று அன்றே பக்கத்து மேசைக்காரர் நாலு பேரிடமும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு உங்களிடம் ஒருவரும் தாள் வாங்கவில்லை. கொஞ்ச நாள் நாணயங்களை மட்டும் பரப்பிவைத்துக்கொண்டு இருந்தீர்கள். பிறகு வருவதையே விட்டீர்கள்.

இப்போது மறுபடி பார்த்தேன். நாலு மூலையிலும் விரல்நுனி அளவில் ஒளி, அதுவும் மஞ்சளாக. சவர்க்காரம் நீலவெள்ளையாய்த் தாள் முழுதும் பரவியிருக்கும். அன்று ஏன் எனக்கு இது தெரியவில்லை?

அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“ஐயோ, அது இன்னும் போகேல்லையே? வீட்டுக்குப் புதுசா வந்த காசெண்டு நான்தான் தம்பி மஞ்சள் தொட்டு லட்சுமி படத்தடியில வைச்சனான்.”

“அண்ணைக்குத் தெரியுமோ?”

“தெரியாமலோ? பஞ்சால துடைச்சுத் துடைச்சுப் பாத்தவர். ‘ஒருத்தருக்கும் சொல்லாதை, சந்தையில உன்னை வைச்சுப் பகிடி பண்ணுவாங்கள்’ எண்டவர்.” பிறகு கேட்டார்: “நல்லாப் போய்வந்த மனுசன் ஏன் தம்பி சந்தையை விட்டவர்? முழங்கால் நோ எண்டுதான் எனக்குச் சொன்னவர்.”

நான் விளக்கை அணைத்தேன். தாளை உறைக்குள் திரும்பப் போட்டேன்.

ஒன்று கேட்கிறேன், அண்ணை. கறை இருப்பது தெரிந்தும்தானே தாளை என்னிடம் நீட்டினீர்கள்? அக்காவைக் காப்பாற்றினீர்களா, பழுதை என் தலையில் கட்டப் பார்த்தீர்களா? இரண்டும்தான் என்கிறது என் வியாபாரப் புத்தி. அந்தச் சந்தேகம் உங்களோடு போகவில்லை, என்னோடுதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கழுவவில்லை. அந்தப் பெயரை உங்கள்மேல் ஒட்டியவன் நான்.

வரும் ஞாயிறு இந்தத் தாளைச் சந்தையில் விளக்குக்குக் கீழே வைப்பேன். மஞ்சளைச் சவர்க்காரம் என்று சொன்ன முட்டாள் நான்தான் என்று அந்த நாலு பேரிடமும் நானே முந்திச் சொல்லிவிட்டால், பகிடி முழுக்க என்மேல் விழும். அக்காவுக்கு மிஞ்சாது.

அவரையும் பிளாஸ்கோடு வரச் சொல்லியிருக்கிறேன். முழங்கால் கதையை அவர் முன்னால்தான் திருத்த வேண்டும்.