அம்மாவின் தொண்டையில் ஒரு குழாய்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஒரு லாரி ஓட்டுநருக்கு மயக்கம் கொடுத்து, மூச்சு விடத் தொண்டைக்குள் குழாய் போட்டேன். முதல் முயற்சியிலேயே போனது. என்னைவிட ஒரு வருடம் மூத்த ஒட்டகம் (உயரத்துக்காக நாங்கள் வைத்த பெயர்) எட்டிப் பார்த்து, "பரவால்லையே, கை நடுங்கல" என்றான். அவன் வாயிலிருந்து வந்தால் அது பாராட்டு.

மாலையில் அம்மாவின் ஸ்கேன் முடிவு வந்தது. தலைவலிக்காக எடுத்தது. மூளை ரத்தக்குழாய் ஒன்றில் பட்டாணி அளவுக்குப் புடைப்பு. இன்னும் வெடிக்கவில்லை. வெடிப்பதற்குள் மண்டையைத் திறந்து கிளிப் போட வேண்டும்.

"கிளிப்புன்னா, துணி காயப்போடுறோமே, அதா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப சரி. நமக்குத் தெரிஞ்ச சாமான்தான்."

தையல் கடையை ஒரு மாதம் மூடினால் யார் யார் முணுமுணுப்பார்கள் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள்.

மார்ச் 5, வியாழன்

அறுவைச் சிகிச்சை எங்கள் மருத்துவமனையில்தான். அடுத்த செவ்வாய். தலைமாட்டில் நான் நிற்கலாமா என்று எங்கள் துறைத் தலைவியிடம் கேட்டேன். மேடம் நிமிரவே இல்லை. "நீ மகளா இரு போதும். மயக்கம் கொடுக்க நாங்க இருக்கோம்."

குழாய் போடப்போவது ஒட்டகம். மேடம் பக்கத்தில் இருப்பார்.

மார்ச் 8, ஞாயிறு

எனக்குப் பயம் கத்தியைப் பற்றியது அல்ல. அதற்கு முன்னால் வரும் அந்தக் கொஞ்ச நேரம்.

நாக்கை உலோகத் தகடால் தூக்கிக் குழாயை உள்ளே விடும்போது, ஆழ்ந்து தூங்குகிறவரின் உடம்புகூட யாரோ கழுத்தை நெரிப்பதாக நினைத்துக்கொள்கிறது. துடிப்பு ஓடும், ரத்த அழுத்தம் தாவும். லாரி ஓட்டுநருக்கு அது ஒன்றும் செய்யாது. அம்மாவின் பட்டாணிக்கு? அதனால்தான் முன்கூட்டியே மருந்து. முதலில் வலியை மந்தமாக்க ஃபென்டனில். பிறகு, தகடு உள்ளே போவதற்குச் சற்று முன், எஸ்மோலால். இதயத்தின் தோளில் கைவைத்து 'இரு, ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே போய்விடும் மருந்து. இத்தனை நாள் அதை இப்படி நினைத்ததில்லை.

அளவு மிஞ்சினாலும் ஆபத்துதான். அழுத்தம் ஒரேயடியாக விழுந்தால் மூளைக்கு ரத்தம் போகாது.

பல வருடமாகப் பிரஷர் மாத்திரை போடும் அம்மாவின் கவலை வேறு. "அங்க வந்து பிரஷர் எக்கச்சக்கமா காட்டினா? உன் ஆளுங்க முன்னாடி?"

"காட்டட்டுமே. அதுக்குத்தானே ஆஸ்பத்திரி."

"ம்" என்றாள். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

அரங்குக்கு வெளியே, காத்திருப்பு அறைக் கட்டிலில் அம்மா. மானிட்டரை மாட்டினார்கள். துடிப்பு நாற்பத்தெட்டு. அவளுக்கு எப்போதும் எண்பதுக்குக் கீழே வராது. அழுத்தமும் குறைவு. அம்மாவோ திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். தைத்த சட்டை சொன்னபடி பொருந்திவிட்டால் வருமே ஒரு முகம் — அது.

"பாத்தியா? எவ்வளவு அடக்கமா காட்டுது!"

"அம்மா. பிரஷர் மாத்திரை எத்தனை போட்ட?"

"போடச் சொன்னாங்க, போட்டேன்."

"எத்தனைம்மா?"

"...ஒண்ணுக்கு ரெண்டு. நேத்தும் ரெண்டு. இப்ப என்ன? வீட்டுல டாக்டரை வச்சுக்கிட்டு இந்த லட்சணமான்னு யாராவது கேட்டா உனக்குத்தானே அசிங்கம்?"

அந்த மாத்திரையும் இதயத்தை அடக்குவதுதான். அதன் மேல் எஸ்மோலாலும் போனால்? அடங்கிய இதயம் அப்படியே நின்றுபோனால்? அழுவதா, அவளை உலுக்குவதா — ஐயோ அம்மா, எனக்காகவா, போயும் போயும் என் மானத்துக்காகவா!

ஓடினேன். ஒட்டகம் அப்போதுதான் ஊசிகளை ஏற்றி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன். எஸ்மோலால் ஊசியை மட்டும் எடுத்துத் தள்ளி வைத்தான்.

மேடம் நேரே அம்மாவிடம் வந்தார். அம்மா முந்திக்கொண்டாள். "மேடம், அவளைத் திட்டாதீங்க."

"அவளை ஏன் திட்டணும்? உங்களைத்தான் திட்டப் போறேன்."

மதியத்துக்குத் தள்ளிப்போட்டார்கள். துடிப்பு கொஞ்சம் மேலே வந்தது. எஸ்மோலால் வேண்டாம், ஃபென்டனில் மெதுவாக, தொண்டையை மரத்துப்போக வைக்கும் ஸ்ப்ரே, துடிப்பு விழுந்தால் தூக்கிவிட அட்ரோபின் கையோடு என்று முடிவு செய்தார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். கதவு மூடியதும் எல்லாம் மறந்துபோனது. நான் வெறும் மகள்.

கதவு திறந்தது. ஒட்டகம் தலையை மட்டும் நீட்டினான்.

"போட்டாச்சு. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. உங்கம்மா இதயம் எங்களைக் கண்டுக்கவே இல்ல."

கிளிப் போட்டு முடிக்க மாலை ஆகிவிட்டது. நல்லபடியாக.

மார்ச் 11, புதன்

கண் திறந்தாள். கரகரத்த குரலில் முதல் கேள்வி: "முடியை மொத்தமா எடுத்துட்டாங்களா?"

மார்ச் 14, சனி

ஒட்டகம் பார்க்க வந்தான். "நீதானா என் வாய்க்குள்ள டார்ச் அடிச்சவன்? பல்லெல்லாம் சரியா இருந்துச்சா?"

"உள்ள போறப்ப இருந்ததெல்லாம் இப்பவும் இருக்கு ஆன்ட்டி."

அவன் போனதும் அம்மா சொன்னாள்: "நல்ல பிள்ளை. கொஞ்சம் குட்டையா இருந்திருந்தா சட்டை தைச்சுக் கொடுக்கலாம். இவனுக்குத் துணி கட்டுப்படி ஆகாது."

ஏப்ரல் 19, ஞாயிறு

வேலை முடிந்து வந்தபோது அம்மா மேசையருகே உட்கார்ந்திருந்தாள், கையில் பிரஷர் பட்டையுடன். தலையில் பூனைமுடி மாதிரி முளைத்திருக்கிறது. வழக்கமாக நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மெஷினை அணைத்துவிடுவாள். பிறகு நல்லதாக ஒரு எண்ணைச் சொல்வாள்.

இன்று அணைக்கவில்லை. என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நூத்தி அம்பத்தாறு. காலைல மாத்திரை போட மறந்துட்டேன். கடைல ஒரே கூட்டம்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டையைக் கழற்றினேன். கையில் வரிவரியாகப் பதிந்திருந்தது. தேய்த்துவிட்டேன்.

"திட்டலையா?"

"டீ குடிச்சிட்டுத் திட்டறேன்."

"அப்ப நீயே போடு" என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.