மாத்தி வைத்த கடிகாரம்

ராவுத்தரே,

காலையில் கடிகாரத்தின் தோல்பட்டையைக் கழற்றினேன். மழைக்காலத்து வியர்வையில் ஊறி நாறுகிறது. அதற்கடியில், என் இடது மணிக்கட்டில், உன் பற்கள் இருக்கின்றன. மேலே நான்கு, கீழே மூன்று. புழுக்கம் ஏறினால் இன்றும் அரிக்கும். சொறிந்துகொண்டே உன்னைத் திட்டினேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியும் அதை மட்டும் நான் விடவில்லை.

நாம் பழகியதே சண்டையில்தான். மட்டாஞ்சேரியில், ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் அந்தப் பழம்பொருள் கடைக்குள் நான் நுழைந்தபோது நீ கடிகாரத்தை இடது காதில் வைத்துக் கண்ணை மூடி நின்றாய். நான் கையிலிருந்து பிடுங்கினேன். நீ என் சட்டையைப் பிடித்தாய். கம்பம் ஊரிலிருந்து வந்து களமசேரியில் சாரம் கட்டும் காண்டிராக்டர் நான். மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக மிளகு மண்டி வைத்து, பாதி மலையாளம் கலந்து பேசும் குடும்பம் நீ. இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். மூன்று நாணயத்தை அடுக்கிய கனம்கூட இல்லாத பழைய கடிகாரம். கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும். துடிக்கும் சக்கரத்தை ஒரு குட்டிக் கூண்டில் வைத்து, கூண்டையே சுழல விட்டிருப்பார்கள். அதற்கு டூர்பில்லான் என்று பெயர். தனியாகப் பின்மூடி கிடையாது, அடித்தட்டிலேயே இயந்திரத்தைக் கோத்திருப்பார்கள். அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். கடைக்காரர் பதறிப்போய், அதை விற்ற வீட்டிலிருந்தே வந்த இன்னொன்றையும் எடுத்து வைத்தார். அச்சு அசலாக ஒரே மாதிரி, ஆளுக்கு ஒன்று. இல்லையென்றால் அன்றைக்கே ஒருவர் பல் போயிருக்கும்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் சேர்ந்தே தேடினோம். தேவராவில் ஒரு பழைய கப்பல்காரர் வீடு, கும்பளங்கியில் துபாயிலிருந்து திரும்பியவர் வீடு என்று அலைந்து இன்னும் மூன்று சேர்த்தோம். எல்லாவற்றையும் நீ காதில் வைத்துத்தான் வாங்குவாய். "வலது காது யாவாரத்துக்கு, இடது காது வாட்சுக்கு" என்பாய். என் வீட்டில் எங்கு பார்த்தாலும் சிமெண்ட் தூசி. அதனால் ஐந்தும் உன் மண்டியின் இரும்புப் பெட்டியில் இருந்தன.

உன் பல் என் கையில் விழுந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு தரகர் என் காதில் ஊதினார். நீ என் கடிகாரத்தை விலை பேச ஒரு பம்பாய்க்காரனுக்குக் காட்டினாய் என்று. காட்டியது நிஜம். பெருமைக்குக் காட்டியிருக்கிறாய். நான் கேட்டிருக்கலாம். கேட்காமல் வயிற்றுக்குள் வைத்து ஒரு வாரம் புழுங்கினேன்.

அன்று மத்தியானம் நான் வந்தபோது மண்டியின் தரை ஈரமாக இருந்தது. மூட்டைகள் சரிந்து கிடந்தன. பார்த்தேன். பார்த்து என்ன, காயலில் கடல் ஏற்றம் வந்தால் உங்கள் தெருவில் தண்ணீர் ஏறுவது வாடிக்கைதானே என்று மேசைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். என் கடிகாரம் இருக்கும் குழியில் ஒன்று கிடந்தது. கூண்டு சுழலவில்லை. செத்திருந்தது. மற்ற மூன்றைப் பார்க்கத் தோன்றவில்லை, இரட்டையில் இன்னொன்றைக் காணோம். நீ பின்னால் வந்து நின்று சிரித்தாய்.

"அண்ணாச்சி, பேடிக்காதே, பயம் வேண்டா. நல்லதை நான் மாத்தி வெச்சிட்டுண்டு. மத்தது அங்ஙன கெடக்கட்டும்."

எங்கள் ஊரில் மாத்தி வைப்பது என்றால் என்ன? ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது. நல்லதைத் தூக்கிக்கொண்டு செத்ததை எனக்கு வைத்துவிட்டு, அதையும் பல்லைக் காட்டிச் சொல்கிறாய். கடிகாரம் சேர்க்கிறவனுக்கு அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது.

முதல் குத்து வாயில். உன் உதடு கிழிந்து ரத்தம் என் முகத்தில் தெறித்தது. இரண்டாவது விலாவில். நீ சரிந்த மூட்டையில் விழுந்து எழுந்தாய். எழுந்தவன் ஒரு கையால் மட்டும் என்னைத் தடுத்தாய். மற்ற கை இடுப்பில், கைலி மடியை இறுக்கிப் பிடித்திருந்தது. கத்தி வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அந்தக் கையை இழுத்தேன், நீ விடவில்லை. முகத்தை மிளகு மூட்டையில் வைத்துத் தேய்த்தேன், அப்போதும் விடவில்லை. குரல்வளையில் கை வைத்தேன். வேறு வழியில்லாமல் என் மணிக்கட்டைக் கடித்தாய். எலும்பு வரை கடித்தாய். அந்த வலியில், சாரக் கம்பு தூக்கிக் காய்த்துப்போன என் வலது கையை முழு வீச்சில் வீசி உன் இடது காதோடு சேர்த்து அறைந்தேன். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. உனக்கு அந்தக் காதில் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் இரண்டு பேர் வந்து என்னைச் சுவரோடு அழுத்தினார்கள். "இவன் மாத்தி வெச்சுட்டான், அவனே சொன்னான்" என்று கத்தினேன்.

அதில் பெரியவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "என்டெ சேட்டா, மாற்றி வெச்சு என்னு பறஞ்ஞா, எடுத்து பத்ரமா வெச்சு என்னாணு!" உங்கள் பேச்சில் அதற்கு ஒதுக்கிப் பத்திரப்படுத்துவது என்று அர்த்தமாம்.

நீ சுவரில் சாய்ந்து மடியை அவிழ்த்தாய். கைக்குட்டைக்குள் என் கடிகாரம். தண்ணீர் ஏறியபோது பெட்டியை மூட்டைமேல் வைத்திருக்கிறாய். மூட்டை சரிந்தால் என்று பயந்து ஒன்றை மட்டும் மடியில் எடுத்துக்கொண்டாய். இரண்டு வைத்தால் ஒன்றை ஒன்று நசுக்கும். ஒன்று என்றதும் என்னுடையதை எடுத்தாய். மூட்டை சரிந்தது, பெட்டி உப்புத் தண்ணீரில் போய் நான்கும் செத்தன. பொறுக்கித் திரும்ப வைத்ததில் குழி மாறிக் கிடந்த செத்த கடிகாரம் உன்னுடையது. அவ்வளவு அடியையும் ஒற்றைக் கையால் வாங்கியது என் கடிகாரம் நசுங்காமல் இருக்கத்தான்.

அதை எடுத்து வழக்கம்போல் இடது காதில் வைத்தாய். உன் முகம் வெளுத்தது. "நின்னு போச்சு அண்ணாச்சி" என்றாய். பிறகு என்ன தோன்றியதோ, வலது காதுக்கு மாற்றினாய். ரத்தம் வழிகிற வாயோடு சிரித்தாய். "இல்ல. ஓடுது. வாட்சுக்கு ஒண்ணுமில்ல."

டாக்டரிடம் மூட்டை மேலிருந்து விழுந்தேன் என்று சொன்னாய். நான் காலில் விழப்போனால் காலைத் தூக்கி உதைத்தாய். அதற்குப் பிறகு ஐந்து வருடம், சாயா குடிக்கப் போனாலும் தெருவில் நடந்தாலும் நான் உன் இடது பக்கம்தான். அந்தப் பக்கத்துக்கு நான் காவல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்காத பக்கம் நின்று நான் உன்னைத் திட்டுவது சௌகரியம் என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

போன மாதம் அந்தப் பக்கத்தில் நான் இல்லை. களமசேரியில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தேன். மண்டித் தெருவில் லாரி பின்னால் வந்தது, உன் இடது பக்கமாக. ஆட்கள் கத்தியிருக்கிறார்கள், ஹாரன் அடித்திருக்கிறார்கள். ஒற்றைக் காதுக்குச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாது. எல்லோரும் விபத்து என்கிறார்கள். போலீஸும் அப்படித்தான் எழுதியது. லாரி ஓட்டியவனை அடிக்கப் போனேன், கை ஓங்கினேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. அடிக்க வேண்டிய ஆள் அவன் இல்லை. அது யார் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வாசலில் நின்றேன். அவர் உள்ளே போய் ஒரு கைக்குட்டை முடிச்சோடு வந்தார். தண்ணீரில் செத்த உன் கடிகாரம். யாரிடமும் பழுது பார்க்கக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறாய்.

"இது அண்ணாச்சிக்குன்னு எப்பவோ மாத்தி வெச்சதாக்கும்" என்றார்.

கை முஷ்டியாகவில்லை. இந்தத் தடவை எனக்கு அர்த்தம் தெரியும். வாசல்படியிலேயே உட்கார்ந்து, அதை என் இடது காதில் வைத்துக்கொண்டேன். நல்ல காது, எல்லாம் கேட்கிற காது. அதில் ஒன்றும் கேட்கவில்லை, ராவுத்தரே.