சேற்றில் நிற்கும் சக்கரம்

கார்த்திகை 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். படூரில் மழை பிடித்தால் எதிர் அபார்ட்மென்ட்கூடத் தெரியாது. இன்றைய வேலை: ஒரு பக்கமாவது எழுதுவது. போன சித்திரையில்தான் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். இப்போது பால் பாக்கெட், பஸ் போர்டு, மாத்திரை அட்டை எதையும் விடுவதில்லை. நேற்று லிஃப்டில் ஒட்டியிருந்ததைச் சத்தமாகப் படித்தேன். கூட வந்தவர் சிரித்தார். சிரிக்கட்டும். எனக்கும் சிரிப்புதான்.

அமுதா, என் மகள், ஹெலிகாப்டர் கம்பெனியில் இன்ஜினீயர். ஹெலிகாப்டருக்குக் கால் வரைகிறாள். ஹெலிகாப்டர் என்று முழுதாக எழுத நேரமாகிறது. இனி ஹெலி. சக்கரம் வைத்த கால், மூன்று. சில ஹெலிகளில் மேலே போனதும் கால் உள்ளே மடங்கிக்கொள்ளுமாம். இவள் வரைவது மடங்காது.

"ஏம்மா, மடங்குனா இன்னா?"

"கனம் ஏறும், ரிப்பேரும் ஜாஸ்திப்பா. அவசரத்துல ஒரு காலு வெளிய வரலைன்னா இன்னா பண்றது? இது எப்பவும் நீட்டிக்கினே இருக்கும். எங்க தரை கெடைச்சாலும் வெச்சிடலாம்."

எங்கே தரை கிடைத்தாலும்.

மாலையில் மறுபடியும் அந்த ஹெலிச் சத்தம். தலைக்கு நேர் மேலே. போகவும் இல்லை, இறங்கவும் இல்லை. பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். வெறும் மேகம்.

கார்த்திகை 10, புதன்

மழை விட்டது. அமுதா சேறு எடுக்கப் போனாள், நானும் போனேன். கம்பெனி ஷெட் ஃபிட்டர் தாஸ் மினி லாரி ஓட்டினான். ஹெலிக் காலைச் சேற்றுத் தொட்டியில் போட்டுச் சோதிக்க வேண்டுமாம். போன தடவை அச்சு வரை முங்கிவிட்டது. இப்போது டயரை அகலமாக்கி, காற்றைக் குறைத்திருக்கிறாள். இந்தத் தடவையும் முங்கினால் இந்தக் காலே வேண்டாம், வெளியில் ரெடிமேடாக வாங்கிக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எத்தனை வருஷ வேலை.

வண்டி வேடந்தாங்கல் தாண்டித் திரும்பியதும்தான் புரிந்தது. நாங்கள் குத்தகைக்கு உழுத வயல். பம்ப்செட் ரூமில் சுவர் மட்டும் மிச்சம்.

"ஏம்மா இங்க?"

"இங்கதான் மண்ணு நல்லா உள்வாங்கும்பா." என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

எழுதிப் பார்க்கிறேன். மெதுவாக.

அந்த மழை வருஷம். நாலு பக்கமும் தண்ணீர். பம்ப்செட் ரூம் கூரை மேல் நான், என் மனைவி சரோஜா, மடியில் அமுதா. சரோஜாவைப் பாம்பு கடித்திருந்தது. அவளுடைய சிவப்புப் புடவையைப் பிடித்து ஆட்டினேன். ஹெலி வந்தது. வயலுக்கு மேல் இறங்கி நின்றது. டயரில் இருந்த கோடுகூடத் தெரிந்தது. காற்றில் சக்கரம் மெள்ளச் சுற்றியது. தண்ணீருக்கு அடியில் முழங்கால் சேறு. சக்கரத்தை வைத்திருந்தால் முங்கியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். சரிதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரெட் பாக்கெட் போட்டுவிட்டு மேலே ஏறியது. படகு வருவதற்குள் சரோஜா போய்விட்டாள்.

திரும்பும்போது அமுதா சொன்னாள்: "எனக்கு அந்த பிரெட்டு மட்டும்தான் ஞாபகம் கீதுப்பா."

இவ்வளவு எழுதியதே பெரிது. கை வலி.

கார்த்திகை 12, வெள்ளி

வெயில். ஷெட்டில் சோதனை. நானும் சாப்பாட்டுக் கேரியரோடு போனேன்.

மேலே கொக்கியில் இரும்புச் சட்டம். அதில் ஹெலியின் கனத்துக்கு எடைக் கட்டிகள். அடியில் மூன்று கால். கீழே எங்கள் வயல் சேறு. வாசல் காற்றில் முன் சக்கரம் மெள்ளச் சுற்றியது. அதே மாதிரி. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தாஸ் பக்கத்தில் வந்தான். "இன்னா நைனா, வேர்க்குது? புது வண்டிக்குப் பழம் வெக்காம வுடலாமா? மனசு கேக்கல."

எனக்கும் கேட்கவில்லை. கடையில் மூன்று எலுமிச்சம்பழம். எல்லோரும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். எங்கே வைப்பது என்று நான் கை காட்ட, சக்கரத்துக்கு ஒன்றாகச் சேற்றில் தாஸ் அழுத்தினான். கும்பிட்டுக்கொண்டோம்.

கொக்கி விட்டது. தொப். சேறு என் சட்டை வரை. சக்கரம் பாதிகூட முங்காமல் நின்றது. கைதட்டினேன். நான் ஒருவன்தான்.

தூக்கிப் பார்த்தபோது டயர் பதிந்த பள்ளத்தில் மஞ்சளாக ஒன்று. நசுங்கவே இல்லை. முழுசாக.

மேனேஜர்: "இது இன்னாய்யா முட்டையா?"

தாஸ்: "பழம் சார்."

மேனேஜர்: "ரிப்போர்ட்ல இன்னான்னு எழுத? தரை, டயர், நடுவுல எலுமிச்சம்பழம்னா? இது செல்லாது. நாளைக்குச் சேத்தைக் கலக்கி மறுபடி போடுங்க. திங்கக்கெழம கொக்கி வேற வேலைக்குப் போவுது. அவ்ளோதான்."

அமுதா திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. வண்டியில் வரும்போது: "பழம் நசுங்காம உள்ள போச்சுன்னா சேறு அவ்ளோ இளக்கம்பா. நாளைக்கு இன்னா ஆவுமோ."

வண்டிச் சக்கரத்தில் பழம் நசுங்க வேண்டும். நசுங்காத பழத்தை நான் பார்த்ததே இல்லை. அந்தச் சத்தம் இன்று தலைக்கு மேல் வெகுநேரம் நின்றது.

கார்த்திகை 13, சனி

சோறு, ரசம், அப்பளம். அமுதா எதையும் தொடவில்லை. என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். "வாப்பா. பையைக் காட்டு" என்றாள். காட்டினேன். பேனா, மாத்திரை, கண்ணாடி.

தாஸ் தானாகவே சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். "சோதனை போட்டுக்க மேடம்."

சேறு கலக்கியாயிற்று. கொக்கி மேலே. முன் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. இன்று திரும்பிக்கொள்ளவில்லை. பார்த்தேன். வாய் தானாக முணுமுணுத்தது: இறங்கு, இறங்கு.

தொப்.

முங்குகிறது, முங்குகிறது, நின்றது. அமுதா தொட்டியில் இறங்கி அளந்தாள். முழங்கை வரை சேறு. டயரில் போட்டிருந்த எல்லைக் கோட்டைச் சேறு தொட இன்னும் இரண்டு விரல் மிச்சம். மறுபடி அளந்தாள். மேனேஜரும் ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கி அளந்தார். "பழம் இல்லாமலேயே நிக்குதே நைனா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அமுதா சேற்றுக் கையோடு டயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சக்கரம் சுற்றவில்லை. சுற்றாத சக்கரத்தை இன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்: "ஞாபகம் கீறது பிரெட்டு மட்டும் இல்லப்பா. அம்மா கை சூடாவே இருந்துச்சு."

கார்த்திகை 14, ஞாயிறு

மேகம். மழை இல்லை. அமுதா இன்னும் தூங்குகிறாள். டீ போட்டேன், சர்க்கரை அதிகம். எதிர்வீட்டு நாய் குரைக்கிறது. தாஸ் போன் செய்தான்: "நைனா, தொட்டிச் சேத்தைக் கொட்டிடவா?" கொட்டாதே என்றேன்.

சத்தம் வந்துவிட்டது. காலையிலேயே. நேர் மேலே.

பெட்டியிலிருந்து சரோஜாவின் சிவப்புப் புடவையை எடுத்துப் போய் மொட்டை மாடிக் கொடியில் விரித்துக் காயப்போட்டேன். ஈரமில்லாத புடவை. நாலு மூலையிலும் கிளிப்.

மேலே இருந்து பார்த்தால் தெரியும்.