மாடியில் யாருமில்லை

அன்பு மகளுக்கு,

அன்றைக்கு நம் மாடிப்படி அடியில் நின்றவர்கள்: உன் வீட்டுக்காரர், பழைய கட்டடங்களைச் சுற்றிக்காட்ட அவர் கூட்டிவந்த கும்பல், கீழ்வீட்டுத் தையல்காரர், நான். மேலே உன் அப்பா.

இடுப்பு ஒடிந்ததிலிருந்து அவர் கீழே இறங்கவே இல்லை. சுவரில் ஒரு கைப்பிடி அடித்தால் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். பாரம்பரியக் கட்டடம், ஆணி அடிக்கக் கூடாது என்று சட்டம் பேசுகிறார் மாப்பிள்ளை. கல்யாணத்தன்று செருப்பைக் காணோம் என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டவர்தானே!

"இந்தப் படியில இன்னிக்கு வரைக்கும் ஒரு ஆணிகூட இறங்கல" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"மேல யாராவது குடியிருக்காங்களா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"யாருமில்லம்மா."

தையல்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் மேலே உன் அப்பா இருக்கும் பக்கம் பார்த்தேன். மனுஷன் ஒரு தடவை இருமினால் போதும், அத்தனை தலையும் நிமிர்ந்திருக்கும். சத்தமே இல்லை.

கூட்டம் போனதும் மேலே ஏறி, "காதுல விழலையா?" என்று கேட்டேன்.

"விழுந்துச்சுடி. அத்தனை பேர் முன்னால மாப்பிள்ளைக்கு அவமானமாயிடாதா?" வந்த இருமலைத் துண்டால் வாயைப் பொத்தி அடக்கியிருக்கிறார்.

உன் வீட்டுக்காரரை விடு, அவர் யார் பெற்ற பிள்ளையோ. நான் சாகிறவரை மன்னிக்கப்போவதில்லை என்றால், அது உன் அப்பாவைத்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா