சம்பிகேயின் தாத்தா

பெங்களூரு,
10.3.2025

அன்புள்ள மகாவுக்கு,

ஸ்ரீவித்யா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நேற்று நீ வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது நான் எடுக்கவில்லை. தூங்கிவிட்டேன் என்று பிறகு மெசேஜ் போட்டேனே, அது பொய். போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடிப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எடுத்திருந்தால் நீ சிரித்திருப்பாய், நான் ஏதாவது கிண்டலடித்திருப்பேன், பேச வேண்டியதைப் பேசாமலேயே போனை வைத்திருப்போம். பதினோரு மாதமாக அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கன்னட மீடியத்தில் படித்த உனக்கு வாரப் பத்திரிகையை மடியில் வைத்துத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது உன் அம்மா. அந்தத் தைரியத்தில் தமிழில் எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் சின்னச் சமாச்சாரங்கள். லவினாவுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். முனிராஜ் அத்திபெலேவில் வீடு பார்த்துப் போய்விட்டான், தினமும் வண்டியில் வந்துபோய் முதுகு போய்விட்டது என்று புலம்புகிறான். நாம் நாலு பேரும் ஆடிய ஆட்டம் நின்றது நின்றதுதான். மேஜை மேல் இப்போது துவைத்த துணி கிடக்கிறது.

நேற்று மத்தியானம் உன் அம்மா என் வீட்டுக்கு வந்தார். மகா, காகிதத்தை மடித்து வைத்துவிடாதே. கடைசிவரை படி.

நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். ஞாயிறு டெக் பார்க்கில் அவருக்கு டியூட்டி இல்லை. ஒரு டப்பாவில் எள்ளுருண்டை கொண்டுவந்திருந்தார். சோபாவில் நுனியில் உட்கார்ந்துகொண்டு, மகா எந்த நாற்காலியில் உட்காரும் என்று கேட்டார். ஜன்னல் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். அதில் உட்காரவில்லை. அதன் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். நீ சாப்பிடுகிறாயா, அங்கே குளிர் உண்டா, தலைவலி இன்னும் வருகிறதா என்று கேட்டார். உன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள ஊரில் அவருக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

பிறகு ஒன்று கேட்டார். இத்தனை வருஷம் அவங்கப்பா ஊரு ஆனேக்கல் பக்கம் தலைவைத்துப் படுக்காத பொண்ணு, போன யுகாதிக்கு மட்டும் எதுக்கும்மா அங்க போச்சு, உன்கிட்ட ஏதாச்சும் சொல்லிச்சா என்று கேட்டார். தெரியலைம்மா என்று சொல்லிவிட்டேன். காபி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

எனக்குத் தெரியும், மகா. எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் கேப் வண்டியில், ஓசூர் ரோடு டிராஃபிக்கில், இந்த ஆட்டத்தை உனக்கு விளக்கினேன் அல்லவா. நாலு பேர் உட்கார்ந்து வாயாலேயே ஒரு கதையை நடத்துவது. ஆளுக்கு ஒரு பாத்திரம். கதை நடத்துவது நான். நடக்குமா நடக்காதா என்ற இடம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவது. பெரிய எண் வந்தால் நடக்கும், சின்னது வந்தால் இல்லை. இவ்வளவுதானா என்றாய். அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்தாய். லவினாவும் முனிராஜும் வாள் எது, மந்திரம் எது என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, நீ ‘இனம்’ என்ற கட்டத்திலேயே நின்றுவிட்டாய். எல்ஃப் என்றால் காட்டில் ஆயிரம் வருஷம் வாழும் மேட்டுக்குடி, மனுஷன் என்றால் நம்மைப் போல என்று நான் சொன்னதும், பாதி பாதி உண்டாக்கா என்று கேட்டாய். உண்டு, அப்பா எல்ஃப், அம்மா மனுஷி என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். பாதி எல்ஃபுக்கு அப்பா பக்கத்திலிருந்து இருட்டில் கண் தெரியும், அம்மா பக்கத்திலிருந்து சாமர்த்தியம், இரண்டு பக்கத்துப் பாஷையும் வரும் என்று நான் வாசிக்க வாசிக்க, நீ சிரித்தாய். ரெண்டு பக்கமும் கூட்டல் மட்டும்தானா, கழித்தல் கணக்கே இல்லையா, இந்தப் புக்கை எழுதினவங்க நீலசந்திராவுக்கு வந்ததே இல்ல போல என்றாய். எல்லாரும் சிரித்தோம். அன்று நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

அப்படிப் பிறந்தவள்தான் உன் பாத்திரம் சம்பிகே. நம் மேஜையில் எல்ஃப்கள் கன்னடம் பேசுவார்கள், மனிதர்கள் தமிழ் பேசுவார்கள் என்று விதி வைத்தவள் நீ. சம்பிகேயின் அப்பா செத்துப்போனார், தாத்தா காட்டுக்கோட்டையில் இருக்கிறார், ஒருநாள் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தாய். உன் அப்பா நாகேஷ், நீ மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது விபத்தில் போனதும், அவருடைய ஆட்கள் ஆனேக்கலில் இருப்பதும், அந்த வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் சாதி நிற்பதும் எனக்குத் தெரியும். தாத்தா கிருஷ்ணப்பா நீ பிறந்ததும் யாருக்கும் தெரியாமல் வந்து வெள்ளிக் கொலுசு போட்டுவிட்டுப் போனார் என்று அம்மா சொன்ன கதையை நீயே என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய்.

போன வருஷம் ஏப்ரல் ஏழாம் தேதி. இரண்டு வருஷம் ஆடி, சம்பிகே கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தாள். தாத்தா கதவைத் திறப்பாரா மாட்டாரா. நீ எழுந்து நின்று கன்னடத்தில் பேசினாய். தாத்தா, நான் உங்கள் மகனின் மகள் என்று ஆரம்பித்தவள், மகன் பெயரைச் சொல்லும் இடத்தில் நாகேஷ் என்று சொல்லிவிட்டாய். எல்ஃப் அப்பாவுக்கு நீ வைத்திருந்த பெயர் வேறு. நாங்கள் மூன்று பேரும் கவனித்தோம்.

கதை நடத்துகிறவள் சில பகடைகளை அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டுவாள், அதை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது நம் வழக்கம். பகடை விழுந்தது விழுந்ததுதான், யாருக்கும் சலுகை கிடையாது என்று முதல் நாளே சட்டம் பேசியவளும் நான்தான். உனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பகடைக்குச் சாதி தெரியாதுக்கா, அது யாரோட பொண்ணுன்னு கேக்காது என்பாய்.

அன்று நான் உருட்டினேன். மூன்று விழுந்தது.

நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். இருபது என்று சொன்னேன்.

மகா, அதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். உன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. தாத்தா கதவைத் திறந்து, சம்பிகேயின் தலையில் கைவைத்து, உனக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று நான் கதை சொல்லச் சொல்ல நீ அழுதாய். லவினா உன்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னமாய்க் கதை நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை, யுகாதி. நீ அம்மாவிடம் சொல்லாமல் ஒப்பட்டுப் போளி டப்பாவோடு ஆனேக்கலுக்குப் பஸ் ஏறினாய். சாயங்காலம் ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து எனக்குப் போன் செய்தாய். கேட்டுக்கு வெளியிலேயே நிற்கவைத்தார்கள் என்றாய். பண்டிகையாச்சே என்று உள்ளிருந்து ஒரு அம்மாள் வேப்பம்பூவும் வெல்லமும் தட்டில் எடுத்துக்கொண்டு வர, நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் அவரைத் திரும்பிப் போகச் சொன்னார் என்றாய். நாகேஷுக்குக் குழந்தையே கிடையாது என்று உன்னிடம் கூடச் சொல்லாமல் சுவரைப் பார்த்துச் சொன்னாராம். எனக்குக் கொலுசு போட்டீங்களே தாத்தா என்று நீ கேட்க, உன் சித்தப்பா பிரகாஷ் சிரித்திருக்கிறார். இவர் நீலசந்திராவை மிதித்ததே இல்லை, உன் அப்பா காரியத்தன்று உன்னைத் தூக்கிக்கொண்டு வந்த உன் அம்மாவையும் இதே கேட்டிலிருந்துதான் அனுப்பினோம் என்றாராம்.

அழாமல், செய்தி வாசிப்பது மாதிரி சொன்னாய். கடைசியில், இத்தனை வருஷம் எங்கம்மா என்கிட்ட பொய் சொல்லிட்டாங்கக்கா, என்கிட்ட பொய் சொல்லாத ஒரே ஆள் நீதான் என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பத்திரமாக வீட்டுக்குப் போ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீ வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஆனேக்கல் போய்வந்ததைச் சொல்லி, தாத்தா வந்தாரா இல்லையா என்று ஒரே கேள்வி கேட்டாய். அவர் பதில் சொல்லவில்லை. நீ பையை எடுத்துக்கொண்டு லவினா வீட்டுக்குப் போனாய், மாற்றல் கேட்டுப் புனே போனாய். அம்மாவின் போனை எடுப்பதில்லை. எனக்கு மட்டும் வாராவாரம் போன் செய்கிறாய்.

அன்று பதில் சொல்லாதவர் நேற்று என்னிடம் சொன்னார். உனக்கு ஐந்து வயசில், பள்ளிக்கூடத்தில் யாரோ எதையோ கேட்டுவிட, வீட்டுக்கு வந்து, அப்பா வீட்ல யாருக்குமே நான் வேணாமாம்மா என்று கேட்டாயாம். அன்றுதான் அந்தக் கொலுசுக்கு ஒரு தாத்தாவை உண்டாக்கினாராம். வாங்கிப் போட்டது உன் அம்மாவேதான். அந்தப் பக்கம் ஒரு ஆளாவது தன்னை ஆசையா பாத்தாங்கன்னு இருந்தா நிமிந்து நடக்கும்னு நெனச்சேம்மா, அது நிஜமாவே போய் நிக்கும்னு நெனைக்கல, எல்லாம் என்னாலதான் என்றார். என் பழியையும் சேர்த்து அவரையே சுமக்கவிட்டேன்.

கிளம்பும்போது, உன் ஆட்டத்தில் மகா பெயரில் ஒரு தாள் இருக்குமாமே, பார்க்கலாமா என்று கேட்டார். சம்பிகேயின் தாளை எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் ஆங்கிலம். வில், அம்பு, இருட்டில் பார்க்கும் கண் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இந்தப் பொண்ணுக்கு அம்மா யாரு என்று கேட்டார். நீ எழுதியிருப்பதை வாசித்தேன். அம்மா: மனுஷி, உயிரோடு இருக்கிறார், யாருக்கும் பயப்படாதவர். திரும்பிப் போகும் இடம்: அம்மா இருக்கும் வீடு. உன் அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இறங்கிவிட்டார்.

உன் அம்மா பொய் சொன்னது ஐந்து வயசுக் குழந்தையின் அழுகையை நிறுத்த. நான் சொன்னது வளர்ந்த பெண்ணிடம், பகடை பொய் சொல்லாது என்று நம்பியவளிடம். அந்தக் கேட் வரைக்கும் உன்னை அனுப்பியது நான். பதினோரு மாதமாகத் தண்டனை அனுபவிப்பது அவர். நீ என்னிடம் பேசிய ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குச் சேர வேண்டியது. தெரிந்தே வைத்துக்கொண்டேன், ஏனென்றால் உன்னை இழக்க எனக்குப் பயம். இப்போதும் பயம்தான்.

வரும் ஞாயிறு நீலசந்திராவுக்குப் போய் அவரிடமும் இதைச் சொல்லப்போகிறேன். காலையிலேயே போய்விட்டு வந்துவிடுவேன். சாயங்காலம் அவர் தனியாகத்தான் இருப்பார். உன் கோபத்தை என் பக்கம் திருப்பிக்கொள், எவ்வளவு நாளானாலும் சரி. எனக்குப் போன் செய்ய வேண்டாம். அந்த நேரத்தில் அவருக்குச் செய். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருக்காதே. சாப்பிட்டியா என்றுதான் முதலில் கேட்பார். சாப்பிட்டிருந்தால் சாப்பிட்டேன் என்று சொல். இல்லையென்றால், இல்லைம்மா என்று சொல்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

இப்படிக்கு,
ஸ்ரீவித்யா